பேராசிரியரின் எதிரி

பேராசிரியருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அந்த எதிரியையும் அவரேதான் உட்கார்ந்து செய்துகொண்டார். வேறு யாரும் செய்து தர முன்வரவில்லை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர் ஒரு புத்தகம் எழுதினார். ‘பொய்யின்மையின் அடித்தளங்கள்’ என்று பெயர். அறுநூற்று நாற்பது பக்கம். ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு பிசகும். மனிதன் எந்தச் சூழ்நிலையிலும், யாரைக் காப்பாற்றுவதற்காகவும், பொட்டளவுகூடப் பொய் சொல்லக்கூடாது என்று அதில் பதினெட்டு வழிகளில் நிரூபித்திருந்தார். உயிரே போனாலும் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தை தான் வரைந்த படத்தைக் காட்டி நல்லா இருக்கா என்று கேட்டாலும் கூடாது.

புத்தகம் வந்தது. வந்ததோடு சரி. மூன்று பிரதிகள் போயின. ஒன்று பல்கலைக்கழக நூலகத்துக்கு. ஒன்று மைத்துனருக்கு, அவர் அதைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்தார், கதவும் அதன் பிறகு அசையவே இல்லை. மூன்றாவது பிரதி எங்கே போனது என்று இன்றுவரை துப்பில்லை. மதிப்புரை எழுத ஆளில்லை. அட, திட்டக்கூட ஆளில்லை. எட்டு மாதம் தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் பேராசிரியர் வாசலில் நின்றார். தபால்காரர் பாவம், அந்தத் தெருவுக்கு வருவதற்கே பயந்து மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. தன் புத்தகத்தைத் தானே கிழிகிழியென்று கிழித்து நான்கு பக்கம் எழுதினார். ‘கடைசி பெஞ்சு’ என்று புனைபெயர் போட்டார். தட்டச்சு செய்து, ஊரின் மறுகோடித் தபால் நிலையத்தில் ஒரு அஞ்சல் பெட்டி பிடித்து, அந்த எண்ணைக் கொடுத்துத் தத்துவக் காலாண்டிதழ் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார். பொய்யே கூடாது என்கிற புத்தகத்துக்குப் பொய்ப் பெயரில் விளம்பரம்! தத்துவத் துறையைத் தவிர வேறு எந்தத் தொழிலிலும் இப்படி நடக்காது. தன் கத்தரிக்காய் சொத்தை என்று தானே மொட்டைக் கடிதாசி எழுதும் காய்கறிக் கடைக்காரரை யாராவது பார்த்ததுண்டா?

“இந்தப் பேராசிரியர் வீட்டுக்கு விருந்தாளி யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. வந்திருந்தால் ‘அடடா, வாங்க வாங்க’ என்று ஒரு பொய்யாவது சொல்லியிருப்பார்.” இப்படி ஆரம்பித்தது அந்தக் கட்டுரை. இதழ் தீர்ந்துபோனது. மறுபதிப்பு போட்டார்கள். பேராசிரியர் தன் சொந்தப் பெயரில் நாற்பது பக்கம் மறுப்பு எழுதினார். கடைசி பெஞ்சு இரண்டே பக்கத்தில் அதைச் சுருட்டி எறிந்தது. இருபது வருடம் இந்தச் சண்டை நடந்தது. மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கேன்டீனில் தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் கட்சியில் கடைசிவரை இருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது.

வீட்டிலும் நிலைமை சுகமில்லை. அவர் மனைவி கடைசி பெஞ்சின் பரம ரசிகை. சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துக் காட்டுவார்.

“ஏங்க, இந்த மனுஷன் எழுதினதைப் படிச்சா சோறு தானா இறங்குது. உங்களோடதைப் படிச்சா தூக்கம் தானா வருது.”

“அப்படியா?”

“கோவிச்சுக்காதீங்க. ரெண்டுமே உடம்புக்கு நல்லதுதான்.”

பேராசிரியர் சோற்றைப் பிசைந்துகொண்டே உள்ளுக்குள் பூரித்தார். அதே நேரத்தில் உள்ளுக்குள் வெந்தார். இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு சிரமம் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை அவர் அறை வாசலில் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், கையில் விடைத்தாள் கட்டு. துறையில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள்.

“சார், கடைசி பெஞ்சு எழுத்தைப் பத்தி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு பண்ணணும். நீங்கதான் நெறியாளரா இருக்கணும்.”

“என்னைத் திட்டினவரைப் பத்தி நானே வழிகாட்டணுமா?”

“உங்ககிட்டதான் சார் நியாயம் கிடைக்கும். உங்க புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சிருக்கேன்.”

மூன்றாவது பிரதி எங்கே போனது என்று அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத்தான் உறைக்கவில்லை. ரகசியம் அழுத்தி அழுத்தி அவருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இந்தப் பெண் கெட்டிக்காரி, ஆறே மாதத்தில் கண்டுபிடித்துவிடுவாள், தானாக ஒப்புக்கொள்ளாமலே வெளியே வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சரி என்றார்.

எத்தனை தடயம் வைத்தார் தெரியுமா! கடைசி பெஞ்சின் கட்டுரைப் பிரதியைப் பாதி தட்டச்சில் மேசைமேல் பரப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார். திரும்பி வந்தால் தாள்களெல்லாம் கவிழ்த்து, ஓரம் நேராக்கி, மேலே கனமாக ஒன்று வைக்கப்பட்டிருக்கும்.

“அடுத்தவங்க காகிதத்தைப் பார்க்கிறது தப்பு சார். நீங்கதான் நூத்தி நாப்பதாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க.”

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. டீச்சர் அஞ்சல் பெட்டி எண்ணுக்குக் கடிதம் எழுதினார். ‘மதிப்பிற்குரிய கடைசி பெஞ்சு அவர்களுக்கு, தங்கள் இளமைக்காலம் பற்றி அறிய விரும்புகிறேன்.’ சொல்ல இயலாது என்று ஒரு வரி எழுதத்தான் பேராசிரியர் தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்தார். எழுந்தபோது பதினோரு பக்கம் ஆகியிருந்தது. சலவைக்கூடத்தில் வேலை செய்த அம்மா, நீராவிக்குள் வளர்ந்த பிள்ளை, எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அம்மா இறந்துபோகும் இடம் வந்ததும் பேராசிரியர் விக்கி விக்கி அழுதார். அவருடைய நிஜ அம்மா அப்போது பக்கத்து அறையில் பால்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் டீச்சர் எழுத எழுத இவரும் எழுதினார். இருபத்தேழு கடிதங்கள்.

இன்றைக்கு வாய்மொழித் தேர்வு.

துறையின் கருத்தரங்க அறைக்கு ஒரே கதவு. ஜன்னல்கள் இருந்தன, ஆனால் பழைய ஆய்வேடுகள் அடுக்கிய இரும்பு அலமாரிகள் அவற்றை மூடி நின்றன. பட்டம் வாங்கிப் போனவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு செங்கல் வைத்து வெளிச்சத்தை அடைத்துவிட்டார்கள். கதவுக்கு வெளியே அலுவலக உதவியாளர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தேர்வு தொடங்கினால் முடிவு எழுதிக் கையெழுத்தாகும் வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று விதி. இருபது வருடத்துக்கு முன் ஒரு தேர்வாளர் டீ குடிக்கப் போய் அப்படியே ரயிலேறிவிட்டதால் வந்த விதி. கழிப்பறைக்கும் விலக்கு இல்லை. அந்த விதியை எழுதியவர் பேராசிரியரேதான். எழுதும்போது அவருக்கு வயது நாற்பது.

மேசைக்கு அந்தப் பக்கம் வெளித்தேர்வாளர். பெரிய மொழியியல் அறிஞர், மேடம் என்றால் பல்கலைக்கழகங்கள் நடுங்கும். அவருக்கு இடப்பக்கம் துறைத்தலைவர், மாணவராக இருந்த காலத்தில் கடைசி பெஞ்சு கட்சியின் தளபதி. வலப்பக்கம் பேராசிரியர். எதிரே டீச்சர், மூன்று கனமான பிரதிகளோடு.

“ஆறாவது அத்தியாயம் பிரமாதம், டீச்சர்” என்றார் மேடம். “சாரோட வாக்கியம் சராசரி முப்பத்தெட்டு சொல். கடைசி பெஞ்சோடது ஒன்பது.”

“சாரோட ஒரு வாக்கியம் இருநூத்தி ஆறு சொல், மேடம். அதை நான் சராசரியில சேர்க்கல.”

“ஏன்?”

“எங்க முடியுதுன்னு நிச்சயமாத் தெரியல.”

துறைத்தலைவர் இருமுவதுபோலச் சிரித்தார். பேராசிரியர் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டார்.

“முடிவுரை?”

“மொழி ஒருத்தர் போட்டுக்கிற சட்டை இல்லை மேடம். உழைச்ச உடம்புலேருந்து வர்றது. ஒரு நாளைக்கு இருநூறு சட்டை இஸ்திரி போடறவங்களுக்கு நீளமாப் பேச நேரமில்ல. அவங்க அறமும் அப்படித்தான் இருக்கும், பக்கத்துல நிக்கிற ஆளைப் பார்த்துப் பேசும். நாற்காலியில உட்கார்ந்தா அந்த அறம் பிறக்காது. அதனாலதான் சாரும் கடைசி பெஞ்சும் சமாதானமாகவே முடியல. ரெண்டு பேரும் வேற வேற உலகம். இருபத்தேழு கடிதமும் அதுக்கு ஆதாரம்.”

மேடம் மேசையைத் தட்டினார். “பத்து வருஷத்துல இப்படி ஒரு ஆய்வு பார்க்கல. சார், சான்றுல கையெழுத்துப் போட்டுடுங்க, முடிச்சுடலாம்.”

தாள் வந்தது. ‘இந்த ஆய்வின் ஆதாரங்களும் முடிவுகளும் நான் அறிந்தவரை உண்மையானவை என்று நெறியாளராகிய நான் சான்றளிக்கிறேன்.’

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். மூடினார். திறந்தார். ஆதாரம் முழுக்க அவர் சமைத்தது. இதில் கையெழுத்துப் போட்டால் பதினெட்டு நிரூபணங்களும் எழுந்து நின்று காறித் துப்பும். கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் எழுதிய விதி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது.

“நான்தான் கடைசி பெஞ்சு” என்றார்.



“சார், காலையில சாப்பிட்டீங்களா?” என்றார் துறைத்தலைவர்.

“கட்டுரைகள் எல்லாம் நான் எழுதினது. கடிதங்களும் நான் எழுதினதுதான். சலவைக்கூடம் கிடையாது. தழும்பு கிடையாது. எங்க அம்மா தாசில்தார் பொண்ணு.”

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரலுக்கு மாறினார். “உங்க வருத்தம் எனக்குப் புரியுது சார். முப்பது வருஷமா உழைச்சீங்க. உங்களைத் திட்டின ஆளுக்குப் புகழ் போயிடுச்சு. யாருக்கா இருந்தாலும் வலிக்கும்.”

“வலிக்கட்டும்! அதுக்காக?” துறைத்தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. “வியர்வை சிந்தினவங்க கிட்டேருந்து எல்லாத்தையும் புடுங்கியாச்சு. மூளை ஒண்ணுதான் பாக்கி. அதையும் எனக்குன்னு சொல்றீங்களே சார், இது அறமா?”

முப்பது வருடம் அறம் சொல்லிக்கொடுத்தவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி. பேராசிரியருக்குக் காது சூடாகிவிட்டது.

“நிரூபிக்கிறேன்.”

“பேஷா” என்றார் மேடம். “அரை மணி நேரம். ஒரே பக்கம். கடைசி பெஞ்சு மாதிரி எழுதிக் காட்டுங்க. விஷயம், உண்மை பேசறவன் படற பாடு.”

வெள்ளைத்தாள் வந்தது. பேராசிரியர் குனிந்தார். இதென்ன பெரிய காரியம்! ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அருவியாகக் கொட்டுமே! ஆனால் அப்போது யாரும் பார்க்கவில்லை. இப்போது மூன்று ஜோடிக் கண்கள் பேனா முனையில் உட்கார்ந்திருந்தன. ‘உண்மை’ என்று எழுதினார். உடனே கை தானாக ‘எனப்படுவது யாதெனின்’ என்றது. அடித்தார். மறுபடி எழுதினார். உள்ளே எங்கோ கடைசி பெஞ்சு காலை ஆட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதுபோலத் தோன்றியது. கூப்பிட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பெஞ்சை விட்டு அது எழுந்திருக்கவில்லை. நெற்றி வியர்வை தாளில் சொட்டியது. வாழ்நாளில் அவர் தாளில் சிந்திய முதல் வியர்வை அதுதான், அதுவும் மையைக் கலைத்ததோடு சரி.

அரை மணி கழித்து மேடம் வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவால் எண்ணினார்.

“முதல் வாக்கியம் நாற்பத்தொன்பது சொல்.”

“கொஞ்சம் பதற்றம்…”

“நடுவுல ஒரு நகைச்சுவை முயற்சி இருக்கு. அடிக்குறிப்போட.” தாளை மெதுவாகக் கீழே வைத்தார். “போலி சார். அதுவும் மட்டமான போலி. டீச்சரோட ஆறாவது அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. பின்னிணைப்பா சேர்த்துடலாம்.”

பேராசிரியர் தாளை எடுத்துத் தானும் ஒரு தடவை படித்தார். அவருக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. கூப்பிட்டால் வராத ஒருவனை நான் என்று எப்படிச் சொல்வது? ஆனால் கால்சட்டைப் பையில் அஞ்சல் பெட்டியின் சாவி இருந்தது. எண் பொறித்த பித்தளைச் சாவி. அதை மேசையில் போட்டால் இந்த மேடம், இந்தத் தளபதி, எல்லோரும் வாயடைத்துப்போவார்கள். கையைப் பைக்குள் விட்டார். விரல் சாவியைத் தொட்டது.

“சார் பொய் சொல்லமாட்டார் மேடம்” என்றார் டீச்சர்.

எல்லோரும் திரும்பினார்கள். டீச்சர் வெளிறிப்போயிருந்தார், குரல் மட்டும் வகுப்பறையில் பேசுவதுபோலத் தெளிவாக இருந்தது.

“என் பொண்ணு ஒரு படம் வரைஞ்சு எல்லார்கிட்டயும் காட்டினா. எல்லாரும் அழகா இருக்குன்னாங்க. சார் மட்டும்தான் நல்லா இல்லைன்னார். அவ அழுதா. எனக்கு அன்னிக்குக் கோபம். ஆனா அதுக்கப்புறம் எது வரைஞ்சாலும் சார்கிட்டதான் காட்டணும்னு நிப்பா. சார் அவரோட பேர் கெட்டாலும் பொய் சொல்லமாட்டார். அவர் சொன்னா அதுதான் உண்மை. அப்போ என் ஆறாவது அத்தியாயம் தப்பு.”

“என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?” என்றார் மேடம். “ஆதாரம் போலின்னா ஆய்வேட்டை நிராகரிக்கணும். திருத்தி எழுத நேரமும் கிடையாது. இன்னிக்கு அஞ்சு மணியோட உங்க பதிவு காலாவதி.”

“தெரியும் மேடம். மூணு தடவை நீட்டிச்சாச்சு.”

“திங்கட்கிழமை கல்லூரி வேலையில சேரணுமே நீங்க?” என்றார் துறைத்தலைவர்.

“அதுவும் போயிடும்.” டீச்சர் மூன்று பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தை நேராக்கினார். நேராகவே இருந்ததை மறுபடியும் நேராக்கினார். “பரவாயில்ல. பொய்யை வெச்சுப் பட்டம் வாங்கினா, பாடம் நடத்தும்போது வாய் வராது.”

பேராசிரியரின் புத்தகத்தில் முன்னூற்றுப் பதினோராம் பக்கத்தில் இந்த நிலைமை அப்படியே வருகிறது. உண்மையைச் சொல்வதால் குற்றமற்ற ஒருவர் வாழ்வாதாரம் இழக்க நேர்ந்தால்? ‘அவ்விழப்பு வருந்தத்தக்கதாயினும் ஏற்கத்தக்கதே’ என்று அவர் எழுதியிருந்தார். எழுதிய அன்று அந்த இழப்புக்கு முகம் கிடையாது. இப்போது அதற்குப் பட்டை தேய்ந்த கைக்கடிகாரம் இருந்தது. பக்கத்து நாற்காலியில் சாப்பாட்டுப் பை இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே திருத்திய ஆறு வருடப் பக்கங்கள் இருந்தன. உலகத்தில் இந்தப் புத்தகத்தை நம்பிய ஒரே ஆள், அதன்படியே நடந்து, அதன் காலடியிலேயே தன்னைக் கொண்டுவந்து போடுகிறாள்.

சாவியை வெளியே எடுத்தால் அவர் நிரபராதி. டீச்சர் காலி. எடுக்காவிட்டாலும் டீச்சர் காலி, ஏனென்றால் அவளுக்குச் சாவி தேவைப்படவில்லை. அவர் வாயே போதுமாக இருந்தது. அப்படியானால் அந்த வாயைத்தான் உடைக்க வேண்டும்.

மணி நான்கே கால்.

கையைப் பையிலிருந்து வெறுமனே வெளியே எடுத்தார்.

“பொய்தான் சொன்னேன்” என்றார்.

டீச்சர் நிமிர்ந்தார். “சார்?”

“பொறாமை. வேறொண்ணுமில்ல.”

“நிஜமாவா சார்?”

“நிஜமாத்தான். அவன் நல்லா எழுதறான். நான் எழுதல. தாங்க முடியல.”

“அந்தச் சலவைக்கூடம்?”

“இருந்திருக்கும். எனக்கென்ன தெரியும்?”

ஒரு வாக்கியம்கூட மூன்று சொல்லைத் தாண்டவில்லை. மொழியியல் அறிஞர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். அவர் எண்ணவில்லை. துறைத்தலைவர் நாற்காலியில் வெற்றியோடு சாய்ந்துகொண்டார். மேடம் பெருமூச்சு விட்டு, “போகட்டும், மனுஷன்தானே” என்றார்.  பேராசிரியர் சான்றை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணவே இல்லை. அதுதான் அவருக்கு அதிர்ச்சி.

“பட்டத்துக்குப் பரிந்துரை” என்று மேடம் எழுதினார். “வாழ்த்துகள் டாக்டர் டீச்சர். திருத்தம் ஏதாவது இருக்கா?”

டீச்சர் சிரிக்கவில்லை. பேராசிரியர் பக்கம் திரும்பவும் இல்லை.

“ஒரே ஒரு திருத்தம் மேடம். நன்றியுரையில.”

முதல் பிரதியைத் திறந்தார். ‘பொய் சொல்லத் தெரியாத என் நெறியாளருக்கு’ என்று தொடங்கியது அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்து அளவுகோல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து வைத்து, முதல் மூன்று சொற்களையும் நேராக, அவசரமில்லாமல் அடித்தார்.

“திருத்தம்னா நெறியாளர் பக்கத்துல சுருக்கொப்பம் போடணும்” என்றார் மேடம். “அது விதி.”

டீச்சர் பிரதியைத் திருப்பி அவர் முன்னால் நகர்த்தினார். பேராசிரியர் பேனாவைத் திறந்தார்.

“இங்கயா?”

“ஆமா சார். அடிச்சதுக்குப் பக்கத்துல.”

போட்டார். மை காய்வதற்குள் டீச்சர் அதை எடுத்துக்கொண்டு, இரண்டாவது பிரதியை அதே பக்கத்தில் திறந்து வைத்தார்.

“மூணு பிரதியிலயும் போடணும் சார்.”